வெயிலில் நட்ட ஹியூக்கெரா

அந்தச் செடிகளோடு வந்த லேபிளில் இரண்டு சூரியன்கள் இருந்தன. ஒன்று முழுச் சூரியன், இன்னொன்று பாதி கறுத்த சூரியன். முழு வெயிலிலும் வைக்கலாம், அரை நிழலிலும் வைக்கலாம் என்று அர்த்தம். ஹாலந்தில் அச்சடித்த லேபிள். அதை அச்சடித்தவருக்குத் தெரிந்தது அந்த ஊர் வெயில். அந்தப் படத்தை துபாய் வெயிலுக்கும் பொருத்திப் பார்த்தவன் நான், கோயம்புத்தூரில் நான்கு வருடம் விவசாயம் படித்துப் பட்டம் வாங்கியவன்.

இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ இருக்கும். ஷார்ஜாவில், வில்லாக்களுக்குத் தோட்டம் போட்டுக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தேன். அங்கே ரோலா பகுதியில் நான்கு பேர் தங்கிய ஒரு ரூமில் எனக்கும் ஒரு கட்டில். காலை ஐந்தரைக்குக் கம்பெனி வண்டி வரும். எனக்குக் கீழே ஆறு பேர் வேலை செய்தார்கள். அதில் ஐந்து பேரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் 'ஜல்தி பாய், ஜல்தி' என்று கத்துவேன். ஒருவரிடம் மட்டும் தமிழில் கத்துவேன். அவர் புதுக்கோட்டைப் பக்கம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஆனாலும் அவரை வா, போ என்றுதான் பேசினேன். அவர் என்னை சார் என்பார். இங்கே நான் 'அவர்' என்று எழுதுவது காலம் கடந்து கொடுக்கும் மரியாதை.

அவரைப் பற்றி, தொழிலாளர்கள் தங்கும் கேம்பில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. அவர் விமானம் ஏறிய நாலாம் மாதம் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தையை அவர் பார்த்ததில்லை. சட்டைப் பையில் ஒரு போட்டோ வைத்திருந்தார். பிளாஸ்டிக் உறை போட்டு, வேர்வை படாமல். வருகிற ஜூனில் அவருக்கு லீவு. எங்கள் தொழிலில் லீவு என்றால் கோடையில்தான். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை நடவு வேலை, அப்போது யாரையும் விட மாட்டார்கள். ஜூனைத் தவறவிட்டால் அடுத்த ஜூன்தான். அதனால் அவர் மாதங்களை எண்ணிக்கொண்டிருந்தார். வண்டியில் போகும்போது யாராவது, "இன்னும் எத்தன மாசம்?" என்று சீண்டினால் சிரித்துக்கொண்டே சரியாகச் சொல்வார்.

துபாயில் ஜுமேரா பக்கம் ஒரு வில்லா. அதில் குடியிருந்த ஆங்கிலேய மேடத்துக்குத் தன் ஊர்ச் செடி வேண்டும் என்று ஆசை. ஹியூக்கெரா. பூவுக்காக வளர்க்கிற செடி இல்லை, இலைதான் அழகு. உள்ளங்கை அகலத்தில், ஓரம் நெளிந்த இலைகள். ஒரு வகை கறுப்புத் திராட்சை நிறம். ஒன்று எலுமிச்சைப் பச்சை. ஒன்று வெல்லப்பாகு நிறத்தில் பழுப்பு. இன்னொன்றில் வெள்ளி பூசியது போல மினுமினுப்பு, நடுவே கறுத்த நரம்புகள். மார்ச் முதல் வாரத்தில் விமானத்தில் தட்டுத் தட்டாக நூற்றிருபது செடிகள் வந்து இறங்கின. நான் அதுவரை அதைப் புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லை. பார்க்காததை ஒப்புக்கொள்ளவில்லை. மேடத்திடம் கல்லூரியில் வளர்த்த செடி மாதிரி பேசினேன்.

எங்கே வைப்பது என்று மேடம் எதுவும் சொல்லவில்லை. அந்த வில்லாவின் வடக்குப் பக்கம், சமையலறைக் கதவை ஒட்டி, மதிலுக்கும் சுவருக்கும் நடுவே நாள் முழுக்க நிழல் விழும் ஒரு நீளத் துண்டு இருந்தது. அங்கே நடலாம் என்று புதுக்கோட்டைக்காரர் சொன்னார். அவர் அதற்குக் கலர்க் கீரை என்று பேரே வைத்துவிட்டார்.

"சார், இந்தக் கலர்க் கீரைக்கு இலை ரொம்ப மெலிசா இருக்கு. இந்த ஊரு வெயிலு தாங்காது சார். அந்த நெழல்ல வச்சுருவமா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சமையலறைப் பக்கம் வைத்தால் அதை யார் பார்ப்பார்கள்? கேட்டிலிருந்து வாசல் வரை, கார் வரும் பாதையின் இரண்டு பக்கமும் கறுப்பு, பச்சை, பழுப்பு, வெள்ளி என்று பட்டை பட்டையாகக் கோலம் போட்ட மாதிரி நட வேண்டும் என்று நான் காகிதத்தில் வரைந்தே வைத்திருந்தேன். மேனேஜர் வந்து பார்க்க வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும், அடுத்த விளம்பரப் புத்தகத்தில் அந்தப் போட்டோ வர வேண்டும். லேபிளை அவர் முகத்துக்கு நேராக நீட்டி, "இது என்ன படம், தெரியுதா? சூரியன். படிச்சவன் சொல்றதக் கேளு" என்றேன். அவர் படத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

நட்டு முடித்த அன்றைக்கு அந்தப் பாதை கண்ணைப் பறித்தது. அதை இல்லை என்று சொல்ல முடியாது. மேனேஜர் வந்தார், தோளில் தட்டினார். மார்ச் மூன்றாம் வாரம் வரை எல்லாம் நன்றாகவே இருந்தது. மேடம் ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வருவதாகக் கிளம்பினார். அதன் பிறகு வெயில் ஏற ஆரம்பித்தது. முதலில் எலுமிச்சைப் பச்சை இலைகளின் ஓரம் காகிதம் கருகினாற்போல ஆனது. பிறகு பழுப்பு. மதியம் போய்ப் பார்த்தால் எல்லாம் படுத்துக் கிடக்கும்.

அப்போதாவது நிழலுக்கு மாற்றியிருக்கலாம். மாற்றினால் அவர் சொன்னது சரி என்றாகிவிடும். அதனால், தண்ணீர் போதவில்லை, காலை மாலை மட்டும் விட்டால் பற்றாது, மதியமும் விடு என்று உத்தரவு போட்டேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். வளைகுடாவில் தோட்ட வேலை செய்த எவருக்கும் தெரிந்ததுதான். வெயிலில் கிடக்கும் கறுப்பு ஹோஸ் பைப்புக்குள் நிற்கிற தண்ணீர் மதியத்தில் கை வைக்க முடியாத சூடாக இருக்கும். அதனால் பைப்பைத் திறந்ததும் முதல் தண்ணீரை வெறும் மணலில் ஓடவிட்டு, கையால் தொட்டுப் பார்த்து, சூடு போன பிறகுதான் செடிக்குக் காட்டுவார்கள். அவரும் அப்படித்தான் செய்தார். ஒரு நாள் மதியம் நான் வண்டியை விட்டு இறங்கும்போது அவர் பைப்பை மணலில் பிடித்துக்கொண்டு சும்மா நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கம்பெனித் தண்ணீர் உங்கப்பன் வீட்டுத் தண்ணீரா என்று ஆரம்பித்து வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். தண்ணி கொதிக்குது சார், கொஞ்சம் ஓடவிட்டு விடுறேன் என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. விழவில்லை என்று இத்தனை வருடத்தில் பலமுறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். விழுந்தது. எதிர்த்துப் பேசுகிறான் என்று மட்டும்தான் அப்போது தோன்றியது. நேராகச் செடிக்கு விடு என்றேன். பக்கத்திலேயே நின்றேன். அவர் விட்டார்.

மறுநாளும் விட்டார். அதற்கு மறுநாளும். சொன்னால் செய்கிறவர்.

ஒரே வாரம். ஹியூக்கெராவுக்குத் தண்டு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மண்ணை ஒட்டிக் குருத்து இருக்கும், அதிலிருந்துதான் எல்லா இலைகளும் வரும். அந்தக் குருத்து வெந்துபோனது. இலையைத் தொட்டால் வேகவைத்த கீரை மாதிரி கையோடு வந்தது. வரிசையின் ஓரத்தில், சுவர் நிழல் கொஞ்சம் விழுந்த இடத்தில் மட்டும் சிலவற்றில் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. மேடம் வருவதற்குள் எல்லாவற்றையும் பிடுங்கிக் குப்பையில் போடச் சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனேன்.

எங்கள் கம்பெனியில் செடி செத்தால் அதற்கு ஒரு ஃபார்ம் உண்டு. என்ன செடி, எத்தனை, எந்தத் தேதி. அதன் கீழே 'காரணம்' என்று ஒரு கட்டம். அதற்கும் கீழே சூப்பர்வைசர் கையெழுத்து, லேபர் கையெழுத்து. அந்தக் கட்டத்துக்கு முன்னால் நான் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எழுதினால் எனக்குக் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். உண்மையில் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நட்டநடு மத்தியானத்தில் லேபர் தன்னிஷ்டத்துக்குச் சூடான தண்ணீர் விட்டதால் செடிகள் அழிந்தன என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதினேன். மறுநாள் சைட்டில் அவரிடம் நீட்டி, செடி செத்ததுக்கு ஒரு பேப்பர், கையெழுத்துப் போடு என்றேன். அவர் கையைப் பேன்டில் துடைத்துக்கொண்டு, வண்டியின் பானெட்டில் பேப்பரை வைத்து, இனிஷியலோடு தமிழில் தன் பெயரை முழுதாக எழுதினார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. தமிழ்க்காரன் நீட்டுகிற பேப்பர்தானே என்று நினைத்திருப்பார்.

மே முதல் வாரம் லீவு லிஸ்டை ஆபீஸ் கதவில் ஒட்டினார்கள். அவர் பெயர் இல்லை. ஃபைலில் இப்படி ஒரு பேப்பர் ஏறியவருக்கு அந்த வருட முறை போய்விடும், வரிசையில் அடுத்தவர் போவார். இது எனக்குத் தெரியாதா என்று கேட்டால், தெரியும். எழுதுகிற நேரத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். நினைவுக்கு வந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேனா? அதையும் அடித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

அவர் அந்த லிஸ்டை மூன்று முறை, விரலை வைத்து, மேலிருந்து கீழே தேடியதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, லீவு நாளில், அவர் எனக்குப் போன் செய்தார். கேம்புக்கு ஒரு எட்டு வந்துவிட்டுப் போக முடியுமா என்று கேட்டார். சண்டை போடக் கூப்பிடுகிறாரோ என்று நினைத்தேன். இருந்தாலும் போனேன். கேம்ப் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் இருந்தது. வரிசை வரிசையாக ரூம்கள், ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு ஏசி, ஏசியின் பின்னாலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அவர் என்னை இரண்டு வரிசைகளுக்கு நடுவே, துணி துவைக்கும் இடத்தின் பின்பக்கம் கூட்டிப்போனார். மேலே தகரக் கூரை. வெயில் எட்டிப் பார்க்காத இடம். அங்கே பால் பவுடர் டின்களில் புதினா இருந்தது, கொத்துமல்லி இருந்தது. அவற்றுக்குப் பக்கத்தில், பெயின்ட் டப்பாக்களில் பதினான்கு ஹியூக்கெராச் செடிகள்.

ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் நகம் அளவில் புது இலைகள். கறுப்புத் திராட்சை நிறம் அப்படியே இருந்தது. வெள்ளியும் இருந்தது. பச்சையில் ஒன்றே ஒன்று பிழைத்திருந்தது.

குப்பையில் போடச் சொன்னதில் குருத்து கெட்டியாக இருந்தவற்றைச் சிமென்ட் சாக்கில் போட்டு எடுத்து வந்திருக்கிறார். ஏசித் தண்ணீரை டப்பாவில் பிடித்து, வெயில் படாமல் வைத்து, காலையில் ஒரு தம்ளர் மட்டும் விட்டிருக்கிறார். அந்தத் தண்ணீரில் உப்பு கிடையாது. எங்கள் கல்லூரியில் தண்ணீரின் உப்பைப் பற்றி ஒரு பாடமே உண்டு, அதில் நான் முதல் மார்க். இந்த டப்பாக்களைப் பார்க்கும் வரை, சொட்டுகிற ஏசித் தண்ணீரை ஒதுங்கி நடக்க வேண்டிய ஒன்றாகத்தான் பார்த்திருக்கிறேன்.

"எடுத்துட்டுப் போங்க சார். மேடத்துக்கிட்ட செடி சாகலன்னு காட்டுங்க. மேனேஜர்ட்டயும் ஒரு வார்த்த சொன்னீங்கன்னா, லீவ திருப்பிப் போட்டுருவாங்கள்ல? இன்னும் ஜூனுக்கு நாள் இருக்குல்ல சார்."

நாள் இருந்தது. மூன்று வாரம் முழுதாக இருந்தது. கண்டிப்பாகச் சொல்கிறேன் என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். அந்த நிமிடத்தில் அதை மனதாரத்தான் சொன்னேன் என்பதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை.

மறுநாள் அந்தப் பதினான்கையும் வில்லாவின் வடக்குப் பக்க நிழலில், அவர் முதலில் காட்டிய அதே இடத்தில் நட்டோம். ஊரிலிருந்து திரும்பிப் பாதையோரத்து வெறும் மண்ணைப் பார்த்து முகம் தொங்கிப்போயிருந்த மேடம், அந்தப் புது இலைகளைப் பார்த்துக் குழந்தை மாதிரி சிரித்தார். மேனேஜருக்குப் போன் போட்டு என்னைப் பற்றிப் புகழ்ந்திருக்கிறார். நான் ஆபீசில் மேனேஜர் அறைக்குள் போனபோது, சொல்ல வேண்டியதை மனதில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். செடியைக் காப்பாற்றியது அவர். தண்ணீர் விடச் சொன்னது நான். ஃபார்மில் எழுதியது பொய். மூன்றே வாக்கியம்.

மேனேஜர் மலையாளி. என்னிடம் தமிழ்தான் பேசுவார். நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்து வந்து கைகொடுத்தார். நிழலுக்கு மாற்றலாம் என்று எப்படித் தோன்றியது என்று கேட்டார்.

"மண்ணோட உப்பு, நிழல், ரெண்டையும் வச்சு ஒரு டிரையல் பண்ணிப் பார்த்தேன் சார்" என்றேன்.

அது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் தடங்கல் இல்லாமல் வந்தது. அதற்கு மேல் அந்த மூன்று வாக்கியத்தையும் சொல்ல வழியே இல்லாமல் போயிற்று. மேனேஜரே ஒரு வார்த்தை கேட்டார், உங்கள் ஊர்க்காரரின் பேப்பரை ரத்து செய்ய வேண்டுமா என்று. நல்ல மனுஷன், எனக்கு ஒரு கதவைத் திறந்தே வைத்தார். ரத்து செய்தால் என்ன காரணம் எழுதுவது? காரணம் எழுதினால் என் பெயர் வரும். வேண்டாம் சார், ஒருத்தருக்கு விட்டால் எல்லோரும் கேட்பார்கள் என்றேன். கலாஸ், முடிந்தது என்று சொல்லி அவர் ஃபைலை மூடினார். அக்டோபரில் என்னை சீனியர் சூப்பர்வைசர் ஆக்கினார்கள்.

புதுக்கோட்டைக்காரரிடம், சொல்லிப் பார்த்தேன், மேனேஜர் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன். பரவால்ல சார், நீங்க என்ன பண்ணுவீங்க என்றார். அதன் பிறகு வண்டியில் அவரை யாரும் மாதக் கணக்குக் கேட்டுச் சீண்டவில்லை. ஆகஸ்ட் வெக்கையில் பதினான்கில் ஐந்து போயின. மீதி ஒன்பதுக்கும் அவர் கேம்பிலிருந்து இரண்டு கேன்களில் ஏசித் தண்ணீர் கொண்டுவந்து, அந்தக் கோடை முழுக்க விட்டார். நான் சொல்லவில்லை. டிசம்பரில் அவை தழைத்து, மெல்லிய தண்டு விட்டு, அரிசி அளவில் பூக்கள்கூடப் பூத்தன. மேடம் என்னை அழைத்துக் காட்டினார். புதுக்கோட்டைக்காரர் சற்றுத் தள்ளி மதிலோரம் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார். செடியைக் காப்பாற்றியது அவர்தான் என்று கையை நீட்டிக் காட்டினால் போதும். நான் மேடம் கொடுத்த காப்பியைக் குடித்தேன்.

அடுத்த ஜூனில் அவர் கிளம்பினார். கம்பெனி வண்டி ஏர்போர்ட்டுக்குப் போகும்போது நானும் கேம்ப் வாசலுக்குப் போயிருந்தேன். குழந்தைக்குச் சாக்லெட் டப்பா ஒன்று வாங்கியிருந்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பிராயச்சித்தம். நைலான் கயிறு சுற்றிய அட்டைப்பெட்டியின் மேல் அவர் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அவர் டப்பாவை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் பெட்டி ஏற்றப் போனதும் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டேன்ல, அதுல என்ன சார் எழுதியிருந்துச்சு? போன வருசம் ஏன் வரலன்னு வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்கா. என்ன தப்பு பண்ணுனீங்க, சொல்லுங்க சொல்லுங்கங்குறா. எனக்கே தெரியாம நான் என்னத்தச் சொல்ல?"

ஒரு வருடமாக அந்த வீட்டில் அந்தக் கேள்வி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. புருஷன் குடித்தானா, திருடினானா, யாருடனாவது சேர்ந்துவிட்டானா என்று அந்தப் பெண் என்னவெல்லாம் நினைத்தாளோ. ஆங்கிலத்தில் நான் எழுதிய அந்த ஒரு வரி அங்கே வரை போயிருக்கிறது. இப்போதாவது சொல்லியிருக்கலாம். கோபத்தில் ஓர் அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன், நிம்மதியாகவும் இருந்திருக்கும்.

"வெயில்னு எழுதியிருந்துச்சு" என்றேன். "வெயில்ல செடி செத்துருச்சுன்னு."

அவர் என் முகத்தையே பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன்.

"வெயிலுக்கா சார் என் லீவ நிறுத்துனாங்க?"

டிரைவர் யல்லா, யல்லா என்று ஹாரன் அடித்தார். புதுக்கோட்டைக்காரர் குனிந்து பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை நான் பிடித்தேன். இருவருமாகத் தூக்கி வண்டிக்குள் வைத்தோம்.

"சரி சார்" என்றார், கதவைச் சாத்துவதற்கு முன். "வெயிலுன்னே சொல்லிக்கிறேன்."